அய்யலூர்ச் சந்தையில் ஒரு வலது கை

நாச்சிமுத்து தேநீர் கிளாஸை இடது கையில்தான் வாங்குகிறார். வாங்கியவுடன் குடிப்பதில்லை. உள்ளங்கை அந்தச் சூட்டைப் பொறுக்கிறதா என்று பார்த்து, அது சம்மதித்த பிறகே வலது கைக்கு மாற்றுகிறார். நாலு பேர் நடுவில் இடது கையால் குடிப்பது அவருக்கு ஆகாது. மாற்றும்போது கண் கிளாஸை விட்டு நகராது. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் கண்ணாடியில் படாமல் ஒதுங்கி நிற்கும். ஒரு வாய் குடித்ததும், பெஞ்சில் யார் கையில் நாளிதழ் இருக்கிறதோ அவரைப் பார்த்துத் தணிந்த குரலில், "அப்பு, மருந்துச் சேதி ஏதும் போட்டிருக்கானா?" என்று கேட்கிறார்.

அரிசி விலை, மழை, தேர்தல், புதுப் படம் எதுவும் அவருக்கு வேண்டாம். மருந்துச் சேதி மட்டும் வேண்டும். எந்த நோய்க்கு என்கிற பேதமும் கிடையாது. நீரிழிவு, யானைக்கால், இளம்பிள்ளைவாதம், புற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே பசியோடு கேட்டுக்கொள்வார். வயது ஐம்பத்திரண்டு. ஒடிசலான, உயரமான உடம்பு. இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். தோளில் கோடு போட்ட துண்டு. பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டு வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்றாலும் பிறர் படித்துக் கேட்பதில்தான் இஷ்டம். அப்போதுதான் குறுக்கே கேள்வி கேட்க முடியும் என்பது அவர் கட்சி.

அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடுகிற ஆட்டுச் சந்தையில் அவர் தரகர். ஆட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார். முதுகை அழுத்திப் பார்த்து எவ்வளவு கறி தேறும் என்பார். உப்பைத் தின்னக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து ஓட்டி வந்த ஆட்டைத் தூரத்திலேயே கண்டுகொள்வார். அப்படிப்பட்ட ஆட்டுக்காரன் இவர் தலை தெரிந்தால் வேறு பக்கம் நகர்ந்துவிடுவான். இதே கண்ணோடுதான் அவர் மருந்தையும் பார்க்கிறார்.

சில வாரங்களுக்கு முன்பு, சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுத வந்துபோகிற நான், இளம்பிள்ளைவாதத்துக்குச் சொட்டு மருந்து வந்திருக்கிற செய்தியை அவருக்கு வாசித்தேன். ஊசி வேண்டாம், சர்க்கரைக் கட்டியில் விட்டுக் கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தது. எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டார். லட்சக்கணக்கில் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "குடுக்காத பிள்ளைகளையும் எண்ணுனாகளா?" என்றார். அது எதற்கு என்று நான் விழித்தேன்.

"எம்புட்டுத் தீவனம் போட்டேன் பாரு, ஆடு எப்படித் தேறியிருக்குன்னு ஒருத்தன் சொல்லுவான். மழ பேஞ்சு புல்லு மண்டுன வருசம் எல்லா ஆடுந்தான் தேறும். தீவனம் திங்காத ஆட்டையும் பக்கத்துல நிறுத்திப் பாத்தாத்தானே தெரியும்?"

மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு எங்கேயோ படித்தேன். கல்லூரியில் நாலு வருஷம் பெஞ்சைத் தேய்த்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு டானிக் விளம்பரம் இருந்தது. மூட்டுவலி முதல் மலட்டுத்தன்மை வரை எல்லாம் தீருமாம். அதையும் வாசித்தேன். "விக்கிறவன் சொல்றானா, வாங்குனவன் சொல்றானா?" என்றார். விற்கிறவன்தான் என்றதும், அந்தப் பக்கத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டார்.

அவருக்கு மிகவும் பிடித்தது காசநோய் ஆராய்ச்சிதான். மதராஸில் சில வருஷங்களுக்கு முன்பு நோயாளிகளை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தும் மற்றப் பங்கை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். இதை நாச்சிமுத்து சொல்லிக் கேட்க வேண்டும். "பாதியப் பட்டியில அடச்சாக, பாதிய மேய விட்டாக. ரெண்டும் ஒண்ணாத்தேன் தேறுச்சு," என்பார். என்னமோ இவரே அருகில் நின்று எண்ணியது போல இருக்கும். அப்படிச் சொல்லும்போது வலது கையைத் தூக்கிக் காட்டுவார். இந்த அக்கறையெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கைதான் பதில்.

அய்யலூரில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் தன் வலது கைமேல் துண்டைப் போட்டு நீட்டுவார். விற்கிறவரோ வாங்குகிறவரோ துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடிப்பார்கள். ஆட்டைப் பார்த்தாலே விலை பத்துகளிலா நூறுகளிலா என்று இரு பக்கமும் தெரியும். நாலு விரலைப் பிடித்தால் நாற்பது, மூன்றைப் பிடித்தால் முப்பது; உதிரி ரூபாய்க்கு இன்னொரு முறை பிடிப்பார்கள். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் விலை தெரியாது. இரண்டு முகங்கள் மட்டும் வேறு எதையோ யோசிப்பது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். படிந்தால் உள்ளங்கையில் ஒரு தட்டு. தட்டிய பிறகு பேச்சு மாறக் கூடாது. இதற்கு இடது கையை நீட்டினால் எதிராளியை அவமதித்ததாக ஆகும். ஆக, அய்யலூரில் ஒரு தரகரின் பிழைப்பு முழுவதும் வலது கையின் ஐந்து விரல்களில் இருக்கிறது.

எட்டு வருஷங்களுக்கு முன்பு, 1955இல், முத்துப்பேச்சி என்கிற பெண் ஒரு கிடாயைக் கொண்டுவந்தாள். துண்டுக்குள் கையை விட்டு, இதற்குக் குறையக் கூடாது என்று விரலைப் பிடித்தாள். நாச்சிமுத்துவுக்கு மூன்று விரலில் பிடி தெரிந்தது. வாங்குபவரிடம் போய்ப் பேசி, முப்பத்திரண்டுக்கு முடித்துக் கையைத் தட்டிவிட்டார். பேசியதற்கு மேலேயே இரண்டு ரூபாய் வாங்கிக் கொடுத்த பெருமையோடு திரும்பி வந்தார். முத்துப்பேச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிடித்தது நாலு விரலை.

துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? அவள் நாலு என்கிறாள், இவர் மூன்று என்கிறார். இரண்டு பேரும் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்தார்கள், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நாச்சிமுத்து மீதிப் பணத்தைத் தன் மடியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அதுவே வினையாகிவிட்டது. வாங்குபவனோடு சேர்ந்துகொண்டு ஏமாற்றியதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சந்தை முடிவு கட்டியது.

அடுத்த மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை இப்படி ஆனது. மூன்றாவது முறை நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், மனைவி மாயம்மாளைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். இஷ்டப்படி விரலைப் பிடிக்கச் சொன்னார். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிடித்தாளாம். இரண்டு என்றார், சரி. அடுத்த பிடிக்கு மூன்று என்றார்.

"நாலு பிடிச்சிருக்கேன்," என்றாள் மாயம்மாள்.

மறுபடியும் பிடிக்கச் சொன்னார். மறுபடியும் மூன்று என்றார். மூன்றாவது தடவை அவள் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இவர் கண்ணை மூடியபடியே, பிடி பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்ன நோய் என்று இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. சந்தையில் ஏமாற்றுக்காரன் என்ற பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடட்டும் என்று விட்டுவிட்டார். குடித்துவிட்டு வந்து எண்ணுகிறான் என்றும் சிலர் சொன்னார்கள். வாழ்நாளில் கள்ளைத் தொடாத மனுஷர், அதையும் மறுக்கவில்லை. ஏன் அப்படி இருந்தீர்கள் என்று நான் கேட்டபோது சொன்ன பதில் இது:

"களவாணின்னு சொன்னா ஊருல ஒருத்தனாவது நம்பாம இருப்பான். குஷ்டம்னு சொன்னா பெத்தவ கூட நம்பிருவா அப்பு."

அந்த வருஷம் முழுக்க அவர் தேநீர் கிளாஸைப் பழைய பழக்கப்படி, சுண்டுவிரலை அடியில் கொடுத்துத் தாங்கித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜ் அந்த விரலின் கீழே கொப்புளத்தைப் பார்த்தார். திண்டுக்கல்காரரான கிறிஸ்துராஜ், தொழுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் ஊழியர். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேமலைத் தேடுகிற வேலை. எல்லா ஊரிலும் நாய்களுக்கு முந்தி மனிதர்கள் அவரைப் பார்த்து ஓடுவார்கள். அவர் நாச்சிமுத்துவிடம் எதையும் கேட்காமல், தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னால் வரச் சொன்னார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், தொட்டால் தொட்டதாகச் சொல்லுங்கள் என்றார். நாச்சிமுத்து திரும்பிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். தொடப் போகிறீர்களா இல்லையா என்று அவர் அலுத்துக்கொண்டபோது, கிறிஸ்துராஜ் பேனா முனையால் நாலு தடவை தொட்டு முடித்திருந்தார்.

வடமதுரைச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பிரிவு மருந்து கொடுக்கிறது. கட்டடம் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். முன்பெல்லாம் இந்த நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவார்கள். போட்ட இடம் வீங்கிப் புண்ணாகும். போட்டவனுக்கும் நம்பிக்கை இராது, போட்டுக்கொண்டவனுக்கும் இராது. இப்போது வந்திருப்பது டி.டி.எஸ். என்கிற வெள்ளை மாத்திரை. கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். வருஷக் கணக்கில் விழுங்க வேண்டும். மாத்திரையைப் பார்த்ததும் நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வியை நீங்களே ஊகிக்கலாம். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், அதில் எத்தனை பேர் இப்போது நடமாடுகிறார்கள் என்று கேட்டார். கிறிஸ்துராஜ் தன் பதிவேட்டைத் திறந்து, பெயர்களை மறைத்துவிட்டு, தேதிகளை மட்டும் காட்டினார். அன்றைக்குத்தான் மருந்துச் சேதியில் இவருக்குப் பித்துப் பிடித்தது.

மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆறு நாள் விழுங்கி ஒருநாள் விட வேண்டும் என்பது முறை. மருந்தும் மாதா கோயிலுக்குப் போகிறதாக்கும் என்று மாயம்மாள் கிறிஸ்துராஜைக் கேலி செய்வாள். மாயம்மாளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். புருஷனுக்குத் தட்டும் பாயும் தனியாக வைக்கச் சொல்லி உறவுக்காரர்கள் சொன்னபோது, அவள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "ஆட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்லத் தெரியுது, சொந்த வெரலு செத்ததச் சொல்லத் தெரியல," என்று அவரைத் திட்டுவதும் அவள்தான்.

இனி இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அவரைக் கருப்பணன் என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. அடையாளங்களிலும் பாதியை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சந்தையில் பெரிய கை அவர். வெளியூர் வியாபாரிகள் மொத்தமாக வாங்க வந்தால் அவரைத்தான் தேடுவார்கள். நாச்சிமுத்துவுக்கும் அவருக்கும் இருபது வருஷப் போட்டி. ஒரு செவ்வாய்க்கிழமை வடமதுரைச் சாலையில் வண்டியில் போன கருப்பணன், புளியமரத்தடி வரிசையில் நாச்சிமுத்து நிற்பதைப் பார்த்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை நாச்சிமுத்து ஒரு விலையைப் பேசிக்கொண்டிருந்தார். துண்டுக்குள் ஒரு வியாபாரியின் கை இருந்தது. கருப்பணன் நேராக வந்து துண்டை உருவி எறிந்தார். பேச்சு நடக்கும்போது துண்டை எடுப்பது என்பது அங்கே கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம். வெட்டவெளியில் அந்தக் கை நின்றது. கடைசி இரண்டு விரல்களும் மடங்கி, கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதை வற்றிக் குழிந்து கிடந்தது.

"இந்தக் கையத்தேன் இம்புட்டு நாளாப் பிடிச்சீகளாய்யா?" என்று கருப்பணன் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

வியாபாரி தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாச்சிமுத்து குனிந்து துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அவர் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அதன்பின் அவர் கையைப் பிடிக்க ஆள் இல்லை. மாத்திரை விழுங்குகிறவரிடமிருந்து பயம் இல்லை என்று கிறிஸ்துராஜ் சந்தையில் நின்று தொண்டை வற்றப் பேசிப் பார்த்தார். ஆடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து வாயால் விலை பேச ஆரம்பித்தார். வாய்விலையை அங்கே யாரும் மதிப்பதில்லை. ஊரே கேட்கப் பேசுவது ஒரு பேச்சா என்பார்கள். ஒற்றை ஆட்டைக் கொண்டுவருகிறவர்கள், விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள், இப்படித்தான் அவருக்கு வந்தார்கள்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு கிறிஸ்துராஜ் கடிதம் எழுதிக் கொடுத்து அவரை வேலூருக்கு அனுப்பினார். மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்துகிற வித்தையை அங்கே சில காலமாகச் செய்துவருகிறார்கள். நல்ல விரலில் இருக்கிற இரண்டு தசைநார்க் கயிறுகளில் ஒன்றைப் பிரித்து, நாலாகக் கிழித்து, விரலுக்கு ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டுப் பிரித்த பிறகு மூளைக்கு ஒன்றும் புரியாதாம். ஒரு விரலை மடக்க நினைத்தால் இன்னொன்று நிமிருமாம். மாதக்கணக்கில் பழக்கினார்கள். "கண்ணுக்குட்டிய ஏருல பூட்டுன கத," என்கிறார்.

உணர்ச்சி திரும்புமா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டிருக்கிறார். திரும்பாது, விரல் நிமிரும், வேலை செய்யும், ஆனால் தொட்டது தெரியாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு அந்த டாக்டர்மேல் உண்டான மரியாதை அந்தப் பதிலால்தான். "ஆட்டுக்கு ஒத்தக் கண்ணு தெரியாதுன்னு விக்கிறவனே வாயத் தொறந்து சொன்னத என் ஆயுசுல பாத்ததில்ல," என்றார்.

போன வருஷம் நோய் அடங்கிவிட்டதாகப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் மாயம்மாளின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சந்தையில் அதை யாரிடமும் காட்டியதில்லை. ஆட்டின் கழுத்தில் சீட்டுக் கட்டி விற்கிற வழக்கம் அய்யலூரில் இல்லையாம். காகிதத்துக்குப் பதிலாக அவர் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். எதிராளி தன் விரல்களைப் பிடித்ததும், தன் கட்டைவிரலை வளைத்து அந்தப் பிடியின்மேல் ஒருமுறை ஓட்டுவார். எந்த விரல் வரை பிடி போகிறது என்பதைக் கட்டைவிரல் சொல்லிவிடும். மாயம்மாளின் கையில்தான் பழகினார். உலை கொதிக்கிற நேரத்தில்கூடக் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். இப்போது நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்கிறார்.

சரியாகச் சொல்லி என்ன செய்ய? துண்டுக்குள் கையை விட ஆள் வேண்டுமே. இதுவரை மூன்று பேர் விட்டிருக்கிறார்கள். ஒருவர் கிறிஸ்துராஜ், அவருக்கு ஆடு வேண்டியதில்லை. இரண்டாவது, விவரம் தெரியாத ஒரு வெளியூர்க் கறிக்கடைக்காரர். மூன்றாவது முத்துப்பேச்சி. போன தைக்கு ஒரு கிடாயோடு வந்தவள், துண்டுக்குள் கையை விட்டு, "இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா எண்ணும்," என்றாளாம். ஆனால் சந்தைக்கு இந்த மூன்றும் கணக்கில்லை. ஒரு தரகரின் கையை இன்னொரு தரகர் பிடிக்க வேண்டும். அதுவும் பெரிய தரகர் ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவர்கள் தானே வருவார்கள். நாச்சிமுத்துவுக்கு மிச்ச வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான். ஒவ்வொரு வியாழனும் துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வருவது அதற்காகத்தான்.

நான்காவது ஆளாக நான் இருந்திருக்கலாம். துண்டுப் பேரத்தைப் பற்றி எழுதத்தான் முதன்முதலில் அய்யலூருக்குப் போனேன். அது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். அவர் உற்சாகமாகத் துண்டை விரித்துக் கையை நீட்டினார். தொற்றாது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் கை மட்டும் நோட்டுப் புத்தகத்தை விட்டு வரவில்லை. இரண்டு மூன்று நொடிதான். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு வெயில் அதிகம் என்றார். அன்று திண்டுக்கல் வரும் வரை பஸ்ஸில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அடுத்த வாரம் நானாகப் போய்க் கையை நீட்டினேன். பிடித்தார், கற்றுக் கொடுத்தார், சிரித்தார். ஆனால் முதல் வாரம் முதல் வாரம்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. வெயில் ஏறி, சந்தை பாதி கலைந்திருந்தது. தேநீர்க் கடைப் பெஞ்சில் நாச்சிமுத்துவுக்கு ஒரு சிறுநீரகச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தியிருந்தார்கள். வாங்கிக்கொண்டவர் நலம் என்று போட்டிருந்தது. கொடுத்தவன் எப்படி இருக்கிறான், அதைப் போட்டிருக்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கருப்பணன் வந்து எதிரே நின்றார். அவரிடம் ஆடு இல்லை. கூட ஆளும் இல்லை. தன் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு, நாச்சிமுத்துவை நோக்கி நீட்டினார்.

கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். அக்கம்பக்கத்துத் தரகர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் அவர் காத்திருந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன். நாச்சிமுத்து கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, வலது கையை வேட்டியில் துடைத்து, துண்டுக்குள் விட்டார். நான் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"வெலை இல்ல," என்றார் கருப்பணன். உதடு அசையவே இல்லை. "என் சுண்டு வெரலப் பிடி."

நாச்சிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விலை பேசுகிறவர்களைப் போலவே வானத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"நீயும் அங்கிட்டுப் பாரு. பிடிச்சதும் சொல்லு."

கருப்பணன் ரயில் பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். துண்டு ஒருமுறை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, இந்தத் தடவை பலமாக. நகத்தால் அழுத்துகிறார் என்று துணிக்கு மேலேயே தெரிந்தது. கருப்பணன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பிடி," என்றார்.

நாச்சிமுத்துவின் கண் கலங்கியதா என்று சொல்ல முடியவில்லை, அவர் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வாக்கெழம காலையில புளியமரத்தடிக்கு வா. நானும் கூட வாரேன்," என்று முணுமுணுத்தார். கருப்பணனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குள் தரகர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். இருபது வருஷமாகப் போட்டியிட்ட இரண்டு கைகள் சேர்ந்திருக்கின்றன, என்ன சரக்கு, என்ன விலை என்று எல்லார் முகத்திலும் ஆவல். ஒருவர் பொறுக்காமல், "என்னண்ணே, முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டார்.

நாச்சிமுத்து சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"படியலப்பா. ரொம்ப இறங்கிக் கேக்குறாரு," என்று ஊருக்கே கேட்கச் சொல்லித் தலையை ஆட்டினார். கூடி நின்றவர்கள் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். கடைக்காரர் பாலை ஆற்ற ஆரம்பித்தார். நாச்சிமுத்து மட்டும், கடைசி ஆள் முதுகைக் காட்டும் வரை, துண்டுக்குள் பிடித்த கையை விடவில்லை.